ஸப்வான் நானாவின் புதன்கிழமைகள்

உலகத்தில் இதுவரை பிறந்த அறிவாளிகள் எல்லாரையும் பிடித்து ஒரு தராசுத் தட்டில் ஏற்றி, மற்றத் தட்டில் கிண்ணியா ஸப்வான் நானாவின் ஆறு வயதுத் தலையை மட்டும் வைத்தால், அறிவாளிகள் அத்தனை பேரும் அந்தரத்தில் பறந்துபோய்த் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் விழுவார்கள். விழுந்தவர்களை அள்ளிக் கரைசேர்க்கக் கடற்படைக்கு ஒரு கிழமை பிடிக்கும். இதை நான் கட்டவில்லை. அந்தக் காலத்தில் ஒரு மேடையில் ஒரு பெரிய மனிதர் ஏறக்குறைய இப்படித்தான் பேசினாராம். கடற்படையை மட்டும் நான் சேர்த்தேன்.

அந்தத் தலை இப்போது முன்பக்கம் முடி கொட்டி, கிண்ணியா பஸ் நிலையத்தில் தகரக் கொட்டிலுக்குள் இருக்கிறது. ஸப்வான் நானா அங்கே டைம்கீப்பர். ஊதுகுழலை ஊதி பஸ்களை வெளியே அனுப்புவது அவர் வேலை. அவர் ஊதியதும் எந்த பஸ்ஸும் போனதில்லை. ட்ரைவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கொண்டக்டர் இன்னும் இரண்டு பேரைக் கூவி ஏற்றி, அதன்பிறகுதான் போகும். அவரும் கோபிக்க மாட்டார். பஸ் போகும்போது இன்னொரு தரம் ஊதிக்கொள்வார், தன் பேச்சைக் கேட்டுத்தான் போகிறது என்பதுபோல.

ஆறு வயதில் அந்தத் தலைக்கு இருந்தது ஒரேயொரு வித்தை. நீங்கள் ஒரு திகதியைச் சொன்னால் அது என்ன கிழமை என்று சொல்லும். நீங்கள் பிறந்த திகதி, உங்கள் மாமனார் மவுத்தான திகதி, வெள்ளைக்காரன் கொடியை இறக்கிய திகதி, எதுவானாலும் சரி. கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் வரும். எப்படித் தெரியும் என்று கேட்டால், “சுவரில இரிக்கி” என்பாராம்.

சுவர் உண்மையிலேயே இருந்தது. அவருடைய வாப்பா ஸெய்னுதீன் ஒரு தையல்காரர். மண்சுவர் வீடு. வெடிப்பை மறைக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். கடைக்காரர்கள் இனாமாகக் கொடுக்கும் கலண்டர்களை, வருசம் முடிந்ததும் கோதுமை மாப் பசை காய்ச்சிச் சுவரில் ஒட்டிவிடுவார். வெடிப்பு கூடக் கூட வருசங்களும் கூடின. அம்மை போட்டுப் படுத்த ஸப்வான் நானா, வெளியே போகவும் ஏலாமல், சொறியவும் ஏலாமல், அந்தச் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். வேறு பிள்ளையென்றால் பல்லியைப் பார்த்திருக்கும்.

அம்மை இறங்கும் நேரம் ஒருவர் வந்து, சேட் தைத்துத் தருவதாகச் சொன்ன நாள் தாண்டிவிட்டது என்று ஸெய்னுதீனுடன் மல்லுக்கு நின்றார். போன மாசம் இன்ன திகதி, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்னம் தருவதாகத்தானே சொன்னீர்கள் என்று அவர் அடித்துச் சொல்ல, பாயில் கிடந்த பிள்ளை, அது வெள்ளியில்லை, சனி என்றது. பார்த்தார்கள். சனிதான். அதற்கு முந்திய வருசத்தைக் கேட்டார்கள். சொன்னது. சுவரில் ஒட்டாத வருசத்தைக் கேட்டார்கள். அதையும் சொன்னது. ஸெய்னுதீன் சந்தோசப்படவில்லை, பயந்துபோனார். பிள்ளைக்கு என்னவோ பிடித்துவிட்டது என்று லெப்பையைக் கூட்டிவந்து ஓதச் செய்தார். லெப்பை ஓதி, ஊதி, தண்ணீர் தெளித்து முடித்துவிட்டுத் தான் பிறந்த கிழமையையும் கேட்டு அறிந்துகொண்டு போனார்.

அதோடு ஊருக்கே தெரிந்துவிட்டது.

அப்போது கிண்ணியாவில் பாலம் கிடையாது. துறையைப் பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஒன்றாக ஏற்றி இழுத்துப்போகும் மிதவை. துறைக்கு இந்தப் பக்கமும் ஆமி, அந்தப் பக்கமும் ஆமி. இறங்கி நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, பையைக் கொட்டி, வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். ஒருநாள் ஸெய்னுதீன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு துணி வாங்கப் போனபோது, சென்றியில் நின்ற ஆமிக்காரனிடம் யாரோ இந்தப் பிள்ளையின் வித்தையைச் சொல்லிவிட்டார்கள். அவன் தன் பிறந்த திகதியைச் சொன்னான். ஒருவர் மொழிபெயர்த்தார். பிள்ளை சொன்ன கிழமை சரி. அவன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டான். அன்றைக்கு அந்தச் சென்றியில் யாருடைய பையையும் யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பகிடி. திருகோணமலைக்கு அவசர அலுவலாகப் போகிறவர்கள் ஸெய்னுதீன் வீட்டுக்கு வந்து பிள்ளையை இரவல் கேட்கத் தொடங்கினார்கள். பல்லுவலிக்காரர் கேட்டார், காணிக் கடதாசி அலுவலாகக் கச்சேரிக் கந்தோருக்குப் போகிறவர் கேட்டார், கலியாணச் சாமான் எடுக்கப் போகிறவர்கள் ஒரு முழு வேனோடு வந்து கேட்டார்கள். பிள்ளையை முன்னுக்கு நடத்திப் பின்னுக்கு இவர்கள் போவார்கள். ஆமிக்காரர்களும் வீட்டுக்குக் கடிதம் போட்டுத் தங்கள் தாய் தகப்பன் பிறந்த திகதிகளை எடுப்பித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்களாம். ஸப்வான் நானாவுக்குத் தெரிந்த முதல் சிங்களம், இரிதாவிலிருந்து செனசுராதா வரைக்கும், ஞாயிறு தொடங்கிச் சனி முடிய ஏழு சொல். நெடுநாளைக்கு அவருக்குத் தெரிந்த சிங்களமும் அவ்வளவுதான்.

ஊருக்குள் வேறு தலையிடி. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் பலபேருக்குப் பிறந்த திகதி என்று ஒன்று கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெரிய வாத்தியார் ஆளைப் பார்த்து, உயரத்தைப் பார்த்து, ஒரு வருசத்தைப் போட்டு, ஜனவரி முதலாம் திகதி என்று எழுதிவிடுவார். ஆகவே வரிசையில் வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே திகதியைச் சொன்னார்கள். பிள்ளை வீட்டுக்குப் போய், இந்த ஊரில் ஏன் எல்லாரும் இரட்டைப் பிள்ளைகள் என்று உம்மாவிடம் கேட்டதாம்.

உண்மையான இரட்டையர்களும் இருந்தார்கள். பக்கீர் ஹாஜியார் என்றொருவர். தான் வெள்ளிக்கிழமை பிறந்தவன் என்று காலமெல்லாம் சொல்லி, அதனால் கிடைத்த மரியாதையிலேயே காலம் தள்ளியவர். எல்லார் முன்னிலையிலும் தன் திகதியைச் சொல்லிப் பிள்ளையைக் கேட்டார். செவ்வாய் என்றது. திருப்பிக் கேட்டார். அப்போதும் செவ்வாய். பிள்ளையை ஒன்றும் செய்ய ஏலாது என்று கண்டதும், சத்தியக் கடதாசி முடித்துத் தன் பிறந்த திகதியையே மாற்றி, பதிவில் வெள்ளிக்கிழமைக்குப் போய்விட்டார். கூட இரட்டையாகப் பிறந்த தம்பி செவ்வாய்க்கிழமையிலேயே நின்றுவிட்டான். இவருக்குப் பின்னால் பிறந்த தம்பி இப்போது கடதாசிப்படி மூன்று நாள் மூத்தவன். வாப்பாவின் வயல் பிரிக்கையில், நான்தான் மூத்தவன் என்று அவன் கடதாசியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பக்கீர் ஹாஜியார் கண்மூடும் வரைக்கும் ஸெய்னுதீனிடம் சட்டை தைக்கக் கொடுக்கவில்லை.

பிறகு மேடைகள். பள்ளிக்கூட விழா, சங்க விழா, கட்டடம் திறப்பு, அமைச்சர் வருகை எல்லாவற்றுக்கும் பிள்ளையைக் கொண்டுபோய்க் கதிரையில் ஏற்றி நிறுத்தினார்கள். ஒவ்வொரு மேடையிலும் ஒரு பொன்னாடை. அலுமாரி நிறைந்து, பெட்டி நிறைந்து, கடைசியில் ஸெய்னுதீன் அவற்றை வெட்டித் தலையணை உறை தைத்தார். இந்தத் தலைக்குப் பந்து படக்கூடாது என்று பிள்ளையை விளையாட விடவில்லை. மரம் ஏற விடவில்லை. கடலுக்குள் இறங்க விடவில்லை. மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த ஊரில் பிறந்து நீந்தத் தெரியாத ஒரேயொரு ஆண்பிள்ளை ஸப்வான் நானாதான். இன்றைக்கும் தெரியாது.

ஒன்றை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவருடைய மனைவி றுமானா ராத்தா எங்கள் உம்மாவுக்குச் சொல்ல, வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. ஒரு விழாவில் பெரிய மனிதர் பேசி முடிக்கும் வரைக்கும் பிள்ளையைக் கதிரையில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுக்கு வருகிறது என்று பிள்ளை வாப்பாவின் சாரத்தை இழுத்து இழுத்துச் சொல்லியிருக்கிறது. கொஞ்சம் பொறு என்றார்கள். பொறுக்க ஏலாமல் நின்றபடியே போய்விட்டது. யாரோ சட்டென்று ஒரு பொன்னாடையை எடுத்து இடுப்பில் சுற்றிவிட்டார்கள். பேச்சு முடிந்ததும் கேள்விகள் தொடங்கின. ஈரத்தோடு நின்று எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லியிருக்கிறார். சனம் கைதட்டியது.

அதிசயச் சிறுவன் என்றால் சிறுவனாக இருக்க வேண்டும். ஸப்வான் நானா இந்த விசயத்தில் ஏமாற்றிவிட்டார். வளர்ந்தார். மீசை அரும்பியதும் மேடைக்காரர்களுக்கு ஆளைப் பிடிக்கவில்லை. பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கன்னத்தைக் கிள்ள ஏலாது. அந்த நேரம் பார்த்துக் கைத்தொலைபேசியும் வந்தது. பட்டனை அழுத்தினால் எந்த வருசத்துக் கலண்டரும் வருகிறது. தேங்காய் உரிக்கிறவனிடமும் ஒரு ஸப்வான் இருக்கிறான். பொக்கற்றில் போட்டால் உம்மென்று கிடக்கிறான்.

சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் சித்தியில்லை. மற்றப் பாடங்களும் அதே மாதிரித்தான். சரித்திரத் தாளில் போரைப் பற்றி விவரிக்கச் சொன்னால், அது வியாழக்கிழமை நடந்தது என்று எழுதி, மிச்ச இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். எனக்கு அதில் பெரிய மரியாதை. நான் அதே தாளில் வியாழக்கிழமையைக் கூட எழுதவில்லை.

இருபது வயது வாக்கில் ஒரு காய்ச்சல் வந்தது. எழும்பிய பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில்: போய்ட்டு. காய்ச்சலோடு வித்தையும் போய்விட்டது என்றார். முதலில் யாரும் நம்பவில்லை. பதுங்கியிருந்து திடீரென்று திகதி கேட்டார்கள். குத்துமதிப்பாக எதையாவது சொல்வார், பிழையாக இருக்கும். நானும் எத்தனையோ தரம் அப்படிக் கேட்டுப் பார்த்தேன், பகிடிக்கு. எப்போதும் புதன் என்றே சொல்வார். பஸ் நிலையத்தில் அவருக்குப் புதன் என்றொரு பட்டப்பெயர் வந்தது. அதை வைத்தது யார் என்று இங்கே எழுதத் தேவையில்லை.

றுமானா ராத்தாவைப் பெண்பார்க்கப் போனபோது அவருடைய வாப்பா பெருமையாக மகளின் பிறந்த திகதியைச் சொல்லி, சொல்லுங்க மாப்பிள்ளை என்றிருக்கிறார். தெரியாது என்றாராம் இவர். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த ராத்தா, இவர்தான் வேண்டும் என்று உடனே முடிவெடுத்தாராம். எல்லாம் தெரிந்த ஆம்பிளையோடு எப்படிச் சீவிப்பது என்று உம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

இந்த மனிதர் இப்படியே ஊதுகுழலோடு காலத்தைக் கழித்திருப்பார். அம்ரா பேசாமல் இருந்திருந்தால்.

அம்ரா அவர் மகள். வயது ஏழு. பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் நிலையத்துக்கு வந்து, வாப்பாவின் கொட்டிலில் இருந்து பணிஸ் சாப்பிடும். ஒருநாள் மூதூர் பஸ்காரர்கள் இரண்டுபேர், பஸ்ஸுக்குப் பெயின்ற் அடித்தது எந்தக் கிழமை என்று கதைத்துப் பிணங்கினார்கள். ஒருவர் திகதியைச் சொன்னதும், அம்ரா பணிஸை மென்றபடியே திங்கள் என்றது. அவர்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அம்ராவைப் பார்த்தார்கள். பிறகு ஸப்வான் நானாவைப் பார்த்தார்கள்.

அவர் முகம் அப்போது எப்படி இருந்தது தெரியுமா? வீட்டுக்குள் பாம்பைக் கண்டவர் மாதிரி. ஊதுகுழலை எடுத்துப் பலமாக ஊதினார். போக வேண்டிய நேரத்துக்கு நெடுநேரம் முன்னமே மூதூர் பஸ் திடுக்கிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டது.

ஆனால் பஸ் போகிற இடமெல்லாம் கதையும் போகும்தானே. மூதூர், தோப்பூர், அங்காலே கிளிவெட்டி எல்லாம் சுற்றி, அடுத்த நாள் ஜவாஹிர் ஹாஜியாரின் காதுக்கு வந்தது. ஜவாஹிர் ஹாஜியார் எங்கள் நலன்புரிச் சங்கத்தின் தலைவர். நல்ல மனிதர், ஆனால் மேடை இல்லாமல் அவரால் மூச்சுவிட ஏலாது. யாரும் கிடைக்காவிட்டால் சங்கத்தின் முன்னாள் தலைவர் என்று தனக்கே பொன்னாடை போர்த்திக்கொள்வார். அவர் தகரக் கொட்டிலுக்கே நேரில் வந்தார்.

திட்டம் பெரிதாக இருந்தது. அதிசயச் சிறுவனுக்கு முப்பதாவது ஆண்டு நிறைவு விழா. அதே விழாவில் அம்ராவை மேடையேற்றுவது. பிறகு திருகோணமலை, பிறகு கொழும்பு, பிறகு தொலைக்காட்சி. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னது என்று ஸப்வான் நானா எவ்வளவோ சொன்னார். ஹாஜியார் விடவில்லை. ஆனால் ஹாஜியார் வியாபாரி. அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

“ஸப்வான், நான் நேரா கதைக்கிறன்,” என்றார். “இது உன்ட மாதிரி பாதியில போறதெண்டா நாங்க செலவழிக்கேலாது. நீ மேடையில ஏறு. நாலு கேள்வி. ஒண்டுக்குச் சரியாச் சொன்னாலும், இது ரத்தத்தில நிக்கிற சாமான் எண்டு விளங்கும். அடுத்த நிமிசம் புள்ளய ஏத்துவம். உனக்கு ஒண்டுமே வரல்லயா, சரி, நான் அந்தப் புள்ளைர பேச்சையே எடுக்க மாட்டன்.”

ஸப்வான் நானா கொஞ்சநேரம் ஊதுகுழலைக் கையில் உருட்டினார். வாக்குத் தருவீங்களா என்று கேட்டார். தந்தேன் என்றார் ஹாஜியார். அப்படியென்றால் ஏறுகிறேன் என்றார் இவர்.

றுமானா ராத்தா அன்றைக்கு வேலியோரம் வந்து உம்மாவிடம் அழுதார். அந்தப் பிள்ளையையும் கதிரையில் ஏற்றி நிறுத்தினால், தான் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றார். உம்மா ஆறுதல் சொன்னார்: உன் மாப்பிள்ளைக்குத்தான் எல்லாம் போய்விட்டதே, ஏறி நிற்பார், பிழையாகச் சொல்வார், சனம் சிரிக்கும், அத்தோடு முடிந்தது. சனம் சிரிக்கும் என்றதும் ராத்தா இன்னும் அழுதார்.

விழா சனிக்கிழமை பின்னேரம், சங்க மண்டபத்தில். நான் தேத்தண்ணியோடு கொடுக்கும் பற்றிஸுக்காகப் போனேன். முன் வரிசையில் இடம் பிடித்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, ஆள் தடுமாறுவதை வீடியோ எடுத்துப் பஸ் நிலையத்து வட்சப் குழுவில் போடலாம் என்று இருந்தேன். மேடையில் அம்ரா ஒரு பக்கம், ரிப்பன் கட்டி, கால் நிலத்தில் எட்டாமல், கதிரையில் இருந்தது. ஸப்வான் நானா தன் கலியாணச் சேட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். பொத்தான் இழுபட்டது.

முதல் கேள்வி ஹாஜியாருடையது. தன் பிறந்த திகதியைச் சொன்னார். எதிர்பார்த்தபடியே ஜனவரி முதலாம் திகதி. ஸப்வான் நானா மேலே பார்த்து, கீழே பார்த்து, புதன் என்றார்.

மண்டபம் அதிரக் கைதட்டல்.

யாரும் பார்க்கவில்லை. ஒருவரும் போனை எடுக்கவில்லை. அறிவிப்பாளர், அபாரம் என்றார். அந்தக் காலத்திலும் இப்படித்தானாம், சொன்னதும் தட்டுவார்கள், பார்ப்பது யார்? ஸப்வான் நானாவுக்கு வேர்த்துவிட்டது. தான் குத்துமதிப்பாகச் சொன்னதாகவும், தயவுசெய்து யாராவது போனில் பார்க்கும்படியும் மைக்கில் கெஞ்சினார். என்ன பணிவு என்று இன்னொரு தரம் கைதட்டினார்கள்.

அடுத்தது ஜெஸ்மின் டீச்சர். அம்ராவின் வகுப்பு டீச்சர். தன் உம்மா பிறந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழு, நான்காம் மாதம், ஐந்தாம் திகதி என்றார். ஸப்வான் நானா கண்ணை மூடித் திறந்து, அதுவும் புதன் என்றார். டீச்சர் கண்கலங்கி, உம்மாவிடம் போய்ச் சொல்வேன், சந்தோசப்படுவா என்றார். கைதட்டல். ஹாஜியார் அம்ராவைப் பார்த்து, ஆயத்தமா என்பதுபோலத் தலையை ஆட்டினார். மேடையில் நின்ற மனிதர் தூணைப் பிடித்துக்கொண்டார். பரீட்சையில் பெயிலாக ஒருவர் இவ்வளவு பாடுபட்டதை நான் கண்டதில்லை. நான் எல்லாம் சும்மா போய் இருந்து பெயிலானவன்.

மூன்றாவது, தம்பலகாமத்திலிருந்து வந்த ஆனந்தராசா ஐயா. ஓய்வுபெற்ற தபாலதிபர். அவருக்குச் சாதகம் எழுதியிருக்கிறது. கிழமை, நட்சத்திரம், நாழிகை எல்லாம் தெரிந்த ஆள். தன் திகதியைச் சொன்னார். புதன் என்றார் இவர். ஆனந்தராசா ஐயா எழும்பி, தயங்கித் தயங்கி, தான் பிறந்தது ஞாயிறு என்று மெதுவாகச் சொன்னார்.

ஸப்வான் நானாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். இந்தா பாருங்கள், பிழை, பிழை என்று மைக்கில் சொன்னார். மண்டபத்துக்குக் கோபம் வந்துவிட்டது, ஆனந்தராசா ஐயாமேல். சாதகம் எழுதினவர் பிழைவிட்டிருக்கலாம் என்றார் ஒருவர். ஓலையைப் பூச்சி அரித்திருக்கும் என்றார் இன்னொருவர். விருந்தாளியாக வந்த இடத்தில் சபையைக் குழப்பிவிட்டோம் என்று ஐயாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. புதனாகவும் இருக்கலாம், அந்த நேரம் அம்மாவுக்குச் சுகமில்லை, கவனித்திருக்க மாட்டா என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டு இருந்தார். கைதட்டல்.

மூன்றும் சரி என்று ஹாஜியார் அறிவித்தார். அம்ராவைக் கையில் பிடித்து எழுப்பினார். நாலாவது கேள்வி ஒரு சம்பிரதாயம்தான் என்றார். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த ஒன்றைக் கேட்கிறேன், எல்லாரும் சேர்ந்தே சொல்லலாம் என்று சிரித்தபடி கேட்டார்.

“ரெண்டாயிரத்தி நாலு, டிசம்பர் இருவத்தாறு. சுனாமி. என்ன கிழமை?”

மண்டபம் சட்டென்று அடங்கியது. கேட்ட பிறகுதான் ஹாஜியாருக்கும் விளங்கியிருக்க வேண்டும், சிரிப்பு நின்றுவிட்டது. கிண்ணியாவில் அந்த நாளை யாரும் கணக்குப் பார்த்துச் சொல்வதில்லை. ஞாயிறு. பள்ளிக்கூடம் இல்லாத நாள். பிள்ளைகள் எல்லாம் வீட்டில் நின்ற நாள். ஸப்வான் நானாவின் உம்மா கரைப் பக்கம் விறகு பொறுக்கப் போனார். வரவில்லை. மையித்தும் கிடைக்கவில்லை.

அவர் புதன் என்று சொல்லவில்லை. அம்ராவைப் பார்த்தார். பிறகு மைக்குக்குக் கிட்ட வந்தார்.

“எனக்கு ஞாபகமில்ல,” என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. தாயைக் கடல் கொண்டுபோன கிழமையே ஒருவனுக்கு ஞாபகமில்லை என்றால், அந்தத் தலைக்குள் இனி ஒன்றும் மிச்சமில்லை, முன்னம் சொன்ன மூன்றும் வெறும் குத்துமதிப்புத்தான் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பின்னுக்கு ஒரு பெண், பாவம் என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார். ஹாஜியார் அம்ராவின் கையை விட்டார். பொன்னாடையை எடுத்து ஸப்வான் நானாவின் தோளில் போட்டு, முதுகில் தட்டி, வேறொன்றும் கதைக்காமல் தேத்தண்ணி இடைவேளை என்று அறிவித்தார். அவர் வாக்கைக் காப்பாற்றினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். இந்தச் சாமான் பரம்பரையாக வருவதில்லை என்று இப்போது போகிற இடமெல்லாம் அவரே விளக்கம் கொடுக்கிறார். அம்ரா இரண்டு பற்றிஸ் சாப்பிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் பொன்னாடையைத் தலையில் போட்டுக்கொண்டு பேயாட்டம் ஆடியது. ஊரில் இன்றைக்கு அதிசயப்பிள்ளை என்று யாரும் இல்லை.

நான் முன் வரிசையில் இருந்து சிரிப்பை அடக்க ஏலாமல் வீடியோ எடுத்தேன். ஆனால் அது சரியாக விழவில்லை.

இதுவரைக்கும் எழுதியதைப் போன கிழமை கொட்டிலுக்குக் கொண்டுபோய், ஆளின் வாழ்க்கையை ஆளுக்கே தெரியாமல் எழுதினால் அழகில்லை என்று வாசித்துக் காட்டினேன். பட்டப்பெயர் வந்த இடத்தில் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பக்கீர் ஹாஜியார் வந்த இடத்தில் சிரித்தார். ஈரத்தோடு நின்ற கதை வந்தபோது எழும்பிப்போய் தோப்பூர் பஸ்ஸுக்கு ஊதிவிட்டு வந்தார். பஸ் போகவில்லை. கடைசி வரைக்கும் கேட்டார்.

“எல்லாம் சரி,” என்றார். “அந்த வீடியோக் கதை மட்டும் பொய்.”

எது பொய் என்றேன்.

“நீ சிரிக்கல்லடா. வீடியோவும் எடுக்கல்ல. மடியில போன வெச்சிக் கலண்டரப் பாத்துப் பாத்து எனக்கு விரல் காட்டிக்கொண்டு இருந்தாய். ஞாயிறுக்கு ஒண்டு, திங்களுக்கு ரெண்டு. நான் அங்க பிழையாச் சொல்லப் படுறபாடு காணாதெண்டு, நீ வேற கீழ இருந்து.”

சனம் சிரிக்கும் என்று உம்மா சொன்னது காதிலேயே நின்றது, அதற்காகத்தான் என்று சொல்லப் போனேன். அவர் சொல்ல விடவில்லை.

“அதுவும் டீச்சர்ட உம்மாக்கு ரெண்டு கையாலயும் ஏழு விரல் காட்டினாய். ஏழு எப்பிடிடா? அது வெள்ளிக்கிழமை, ஆறு விரல். நாலாம் மாசம் அஞ்சாந் திகதிய நீ அஞ்சாம் மாசம் நாலு எண்டு அடிச்சிரிக்காய். அது சனி.”

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஐம்பத்தேழு, ஏப்ரல் ஐந்து, வெள்ளி. மே நான்கு, சனி. கொட்டிலில் அப்போது பார்க்க என் கை வரவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். காய்ச்சலோடு போய்ட்டு என்று ஊருக்கே சொன்ன முகம்.

அவர் ஊதுகுழலைச் சேட்டில் துடைத்தார்.

“கடைசிக் கேள்விக்கு ஒரு விரல் காட்டினாய். அது சரி,” என்றார். “அதுக்கு மட்டும் நீ போனப் பாக்கல்ல.”